யார் வாசலில் வந்து நிற்பார்கள்

எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த அக்கா கடைசியில் வாசலுக்குத்தான் வந்து சேருவார். "தப்பாப் போச்சுன்னா யாரு வாசல்ல வந்து நிப்பாங்க?" இதுதான் அவருடைய கேள்வி. யார் வாசலில் வந்து நிற்பார்களோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து உலக மாநாடு வரைக்கும் அவரிடம் இருந்தது இந்த ஒரே அளவுகோல்தான்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவர் வேலை பார்த்தார். கப்பலில் வருகிற, போகிற கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்கிற அலுவலகம். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கொண்டையில் ஒரு பேனா செருகியிருப்பார். அதைத் தேடி மேசை முழுக்கத் துழாவுவார். கடற்கரைத் தெரு ஒன்றில் அம்மாவோடு இருந்தார். அவருடைய அப்பா வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். அவர் இறந்த பிறகு அந்த வள்ளத்தைச் சித்தப்பாவும் அவருடைய இரண்டு மகன்களும் ஓட்டினார்கள்.

நான் சாத்தான்குளத்துக்காரன். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறேன், அப்போது தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ஒரு வரைபடம். உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி வரைகிற படம் அது. யார் வேண்டுமானாலும் தன் தெருவை அதில் சேர்க்கலாம், அடுத்தவர் செய்த பிழையைத் திருத்தலாம். நானும் மாணவர்களுமாக ஊரை வரைந்துகொண்டிருந்தபோது, நாங்கள் போடுவதையெல்லாம் முகம் தெரியாத ஒருவர் பின்னாலேயே வந்து திருத்திக்கொண்டிருந்தார். "யார்டு கேட் இந்தப் பக்கம் இல்லை." "இந்த முக்கில் டிரெய்லர் திரும்பாது." "இது ரோடு இல்லை, உப்பளத்து வரப்பு." எனக்கு எரிச்சல் வந்தது. நேரில் சந்திக்க வேண்டும் என்று எழுதினேன். கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"லாரி டிரைவருமாரு வழி தெரியாம எனக்குல்லா போன் போடுதானுவ. உங்க படத்தப் பாத்துட்டு நேரா உப்பளத்துக்குள்ள போயி நிக்கான் சார். நீங்க வரைஞ்சிட்டு வீட்டுக்குப் போயிருதிய. வாங்கிக் கட்டிக்கிடுதது நான். அதான் நானே திருத்துதேன்."

என்னை விடப் பத்து வயது மூத்தவர், இத்தனை வருஷமும் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

அவர் அலுவலகத்தில் ஒரு முறை நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. ஏதோ ஒரு கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று உறுதி கொடுக்கிற தாளில் கையெழுத்து வேண்டியிருந்தது. சரக்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. மேனேஜர் அவசரப்பட்டார். "போட்டு விடும்மா, நான் சொல்லுதேன்ல" என்றார்.

"நீங்க சொல்லுதிய. ஆனா கையெழுத்து என்னதுல்லா. நாளைக்கு ஆபீசரு வந்தா உங்க சொல்லையா தேடி வருவாரு? இந்தா, நீங்களே போடுங்க." கொண்டையிலிருந்து பேனாவை உருவி அவர் பக்கம் நகர்த்தினார். மேனேஜர் பேனாவைப் பார்த்தார், எடுக்கவில்லை. கப்பல் அந்தக் கண்டெய்னர் இல்லாமலே போயிற்று. அன்றைக்கு அக்காவுக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஏச்சு முடிந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து, ஊளிமீன் குழம்பில் எனக்கும் ஒரு துண்டு வைத்தார். மேனேஜர் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அவர் வாசல் வேறு, என் வாசல் வேறு என்பது போலச் சாப்பிட்டார்.

வரைபடக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு நாட்டில் கூடுவார்கள். கடற்கரை ஊர்களை வரைவதைப் பற்றிய அந்த வருஷத்துக் கூட்டத்தைத் தூத்துக்குடியில் வைக்கலாமா என்று நான்தான் ஆசைப்பட்டு எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது. உலகக் குழு என்று ஏழெட்டுப் பேர், ஏழெட்டு நாடுகளில். உள்ளூர்க் குழு என்று நாங்கள் பத்துப் பேர். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் சம்பளம் கிடையாது. உள்ளூர்க் குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டபோது எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். "தலைவர்லாம் வேண்டாம், கேக்கவன் வந்தா என்னக் காட்டுங்க" என்றார். அப்படித்தான் தலைவரானார்.

உலகக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் எலேனா என்ற பெண். லிஸ்பனில் பள்ளி ஆசிரியை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வருகிற அக்காவின் குடும்பப் பெயரைப் படித்ததும், அது தன் மாமாவின் குடும்பப் பெயராயிற்றே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். திரையில் இரண்டு பேரும் மேசை, சாவி, ஜன்னல் என்று இரண்டு மொழிக்கும் பொதுவான ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிச் சிரித்தார்கள். நல்ல மனுஷி. இதில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. அதனால்தான் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

முதல் சண்டை மதியச் சாப்பாட்டில் வந்தது. எல்லா நாளும் சைவம்தான் என்று உலகக் குழு எழுதியிருந்தது. சனிக்கிழமை பிற்பகல் கூட்டத்தில் அக்கா கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். "சாப்பாடு பத்தலைன்னா, பிடிக்கலைன்னா, யாரத் தேடுவாங்க? லிஸ்பன்லயா போயிக் கேப்பாங்க? இங்கன நிக்க எம் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அதுனால இது எங்க முடிவு. சைவம் வேணுங்கவங்களுக்குச் சைவம் இருக்கும், மீனும் இருக்கும்." எலேனா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அடுத்தது மக்ரூன். முந்திரி, கடலை எதுவும் அரங்குக்குள் வரக் கூடாது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பையன்கள் கொதித்துவிட்டார்கள். தூத்துக்குடியில் மாநாடு வைத்துவிட்டு மக்ரூன் கொடுக்காமல் அனுப்புவதா? அதற்கு முந்திரி இல்லாமல் முடியுமா? அக்கா இந்தத் தடவை எங்கள் பக்கம் நிற்கவில்லை. "அடைக்கப் போறது அவங்க தொண்டைல்லா. அவங்க சொன்னா சொன்னதுதான். போகும்போது பொட்டலமாக் கட்டிக் குடுத்துருவோம், வேணுங்கவங்க பிளைட்டுல திங்கட்டும்." பையன்கள் முனகிக்கொண்டே அடங்கினார்கள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிப்போவது என்பது உலகக் குழுவின் திட்டம். "இது நம்ம முடிவும் இல்ல, அவங்க முடிவும் இல்ல சார். ஞாயித்துக்கெழம எங்காளு கடலுக்குப் போ மாட்டான், பூசைக்குத்தான் போவான். வேணும்னா போயி அவன்ட்ட கேளுங்க" என்றார் அக்கா. யாரும் போய்க் கேட்கவில்லை. சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.

இப்படியே ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்ட முடியாது என்று ஒரு நாள் சார்ட் அட்டை ஒன்றை வாங்கி வந்து கோடு போட்டார். நம்ம முடிவு, அவங்க முடிவு, ரெண்டு பேரும் சேந்து என்று மூன்று கட்டம். நான்காவதாக ஓரத்தில் ஒரு கட்டம், அதற்கு வாசல் என்று தலைப்பு. ஒவ்வொரு விஷயமாக வாசித்து, வாசல் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதைப் பார்த்துத்தான் முடிவு யாருடையது என்று எழுத வேண்டும். எலேனாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் எங்களிடம் இப்படிப் பிரித்துக் காட்டவில்லை என்று எழுதினார். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து நிரப்பினோம். அட்டையில் அவர் எழுத எழுத, நான் அதை ஆங்கிலத்தில் கணினியில் ஏற்றினேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிட்டது. நான் சாத்தான்குளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஊரில் ஏதோ ஒரு வீட்டு விசேஷம். இன்னும் நான்கைந்து வரிதான் பாக்கி. 'வீடியோ பதிவு, நேரலை' என்ற வரி வந்தது. அக்கா பேனாவை அட்டையில் வைத்துவிட்டு எழுதாமல் நின்றார்.

"இதுல யாரு வாசல் சார்?"

"அது டெக்னிக்கல் சமாச்சாரம்க்கா. கேமரா அவங்க கொண்டாராங்க, ஆளு அவங்க ஆளு, சர்வரும் அவங்களோடது. இதுக்கு எவன் நம்ம வாசலுக்கு வரப் போறான்?"

"இல்ல, பேசுதது நம்ம ஆளுகளும்தான."

"பேசினா என்னக்கா? அவங்கன்னு போடுங்க."

என்னைப் பார்த்தார். "எனக்கு இது தெரியாது. நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு 'அவங்க' என்று எழுதினார். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தது.

அக்காவின் சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். மீன் அடைவது அங்கேதான். ஒரு காலத்தில் முத்துச் சிப்பி கிடந்ததும் அந்தப் பார்களில்தான். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு, எந்த வரைபடத்திலும் அது கிடையாது. மாநாட்டில் யாராவது வந்து அந்தப் பெயர்களைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று நான் கேட்டேன். அக்கா உடனே சரி சொல்லவில்லை. "பேரு வேற, இடம் வேற சார். இடம்ங்கது அவன் சோறு" என்றார். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் வள்ளத்தை விற்கிறபோது கருவியில் இருக்கிற இடங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் விற்பார்கள். அண்ணன் தன் இடத்தைத் தம்பிக்குக்கூடச் சொல்லாத வீடுகள் உண்டு.

பெயர்களைச் சொல்ல வரும்படி கேட்டு அக்கா ஒரு மாதம் சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். கடைசியில் சித்தப்பா ஒரு நிபந்தனை போட்டார்: "பேரு சொல்லுதேன் ஏளா. எடம் சொல்ல மாட்டேன்." அக்கா வாக்குக் கொடுத்தார்: "எடம் யாரும் கேக்க மாட்டாங்க சித்தப்பா. நான் இருக்கேம்லா." அவர்கள் தெருவில் ஆறு வள்ளங்கள். ஆறு வள்ளமும் பங்கு வைத்துப் பிழைக்கிற ஒரு பார் இருந்தது. வேறு தெருக்காரர்கள் யாருக்கும் அது இருக்கிற இடம் தெரியாது. அதன் உண்மைப் பெயரை விட்டுவிடுகிறேன், தொட்டில் பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டின் இரண்டாம் நாள் முற்பகலில் சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, பையில் கண்ணாடிக் கூடு. எங்கள் கல்லூரி அரங்கில் அவரை உட்கார வைத்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நான் உட்கார்ந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பின்வரிசையில் நின்றார். அப்புறம் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட வெளியே போனார். சாப்பாடு எங்கள் முடிவு, அதை அவர்தான் பார்க்க வேண்டும்.

சித்தப்பா பதினேழு பெயர் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னேன். எங்கிருந்தோ ஒரு தீவிலிருந்து வந்திருந்த பெண் எழுந்து, தொட்டில் என்று ஏன் பெயர் என்று கேட்டார். "அங்கன ரெண்டு நீரோட்டம் முட்டும். வள்ளம் தொட்டில் மாதிரி ஆடும்" என்றார். அரங்கு ரசித்தது. கீழே இருக்கிற பாறைக்கு நேர் மேலே வந்துவிட்டோம் என்று, கருவி இல்லாத காலத்தில், எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்டார். இடத்தைக் கேட்கவில்லை. வழியைத்தான் கேட்டார். நானும் அப்படியே தமிழில் கேட்டேன்.

சித்தப்பா அரங்கை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். வெளிநாட்டு முகங்கள், என் மாணவர்கள், இரண்டு பேராசிரியர்கள். தொழிலுக்குப் போகிறவன் ஒருத்தன்கூட இல்லை. அவர் முகம் இளகிற்று. கரையில் இருக்கிற இரண்டு உயரமான அடையாளங்களைச் சொல்லி, அவை ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைகிற கோட்டில் போக வேண்டும் என்றார். பிறகு இன்னும் இரண்டு அடையாளம், அவையும் ஒன்றாகச் சேர்கிற இடம். இரண்டு கையையும் நீட்டி, கோடு வெட்டுகிற இடத்தைக் காற்றில் தொட்டுக் காட்டினார். "அங்கன நங்கூரக் கல்லப் போட்டா வெளமீனு மேல விழும்" என்றார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நன்றாக மொழிபெயர்த்தேன் என்று பிறகு பலர் பாராட்டினார்கள். அந்த நான்கு அடையாளங்களையும் இங்கே எழுதவில்லை. இனி எழுதாமல் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கும்போது முக்காலியில் நின்ற கேமராவைப் பார்த்து என்னிடம் கேட்டார்.

"இந்தக் கேசட்டு யாருட்ட சார் இருக்கும்?"

"அவங்ககிட்டதான் இருக்கும் ஐயா."

"அவங்கன்னா, இந்த வெள்ளக்காரங்கள்ட்டயா?"

"ஆமா."

"அப்போ அவங்க ஊருக்குப் போயிரும்." தலையை ஆட்டிக்கொண்டார். "போட்டும். அங்க உள்ளவங்க பாக்கட்டும்."

கல்யாண வீட்டில் எடுக்கிற வீடியோ மாதிரி, எடுத்தவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்துவிட்டார். அந்த நிமிஷமே அது இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. நான் திருத்தவில்லை. சாப்பிடப் போகலாம் ஐயா என்றேன். அவருக்கு அக்கா தன் கையால் மீன் வைத்தார்.

மாநாடு முடிந்து எல்லாரும் மக்ரூன் பொட்டலத்தோடு விமானம் ஏறினார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டார். குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. "சார், சித்தப்பா பேசினது போன்ல சுத்துது. எவனோ அந்தத் துண்ட மட்டும் வெட்டி வாட்ஸ்அப்புல போட்டிருக்கான். அத எடுக்கச் சொல்லுங்க."

எலேனாவுக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ரொம்ப வருத்தப்பட்டிருந்தார். பதிவு என்பது உலகக் குழுவின் முடிவு என்று நம் அட்டவணையில் இருக்கிறது. வெளியான ஒன்றை எடுக்க வேண்டுமானால் குழு முழுவதும் வாக்களிக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம். நான் ஒருத்தி தனியாக எடுத்துவிட்டால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த அட்டவணைக்கு மரியாதை இல்லை அல்லவா என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம்தான். வாட்ஸ்அப்பில் போய்விட்டதை எந்தக் குழு எடுக்க முடியும் என்பதும் வேறு விஷயம்.

அந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்ட வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அவருடைய அம்மா எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்திருப்பேன், வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

ஏழெட்டுப் பேர். அந்தத் தெருவின் ஆறு வள்ளத்துக்காரர்கள், அவர்களில் சித்தப்பாவின் இரண்டு மகன்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மூன்று நாளாகத் தொட்டில் பாரின் மேல் முப்பது வள்ளங்கள் நிற்கின்றன, இரண்டு விசைப்படகும் வந்து வாரிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். இன்றைக்குத் தங்களுக்குக் கிடைத்தது குழம்புக்குக் காணாது என்றார்கள். சித்தப்பா வரவில்லை. அவர் வீட்டை விட்டு வெளியே வந்து மூன்று நாள் ஆகிறதாம்.

மூத்த மகன் கேட்டார். "ஏளா, படம் புடிச்சு ஊருக்குக் காட்டணும்னு முடிவு பண்ணது யாரு? அத மட்டும் சொல்லு."

அக்கா நிலைப்படியில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன். அவர் முதுகும், கொண்டையில் பேனாவும் எனக்குத் தெரிந்தன.

"நான்தான்" என்றார்.

"அப்பாட்ட நீ குடுத்த வாக்கு என்ன?"

"எடம் வெளிய போவாதுன்னு. போயிட்டுது."

பின்னால் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். "உள்ள இருக்காருல்லா சாரு, அன்னைக்குப் பக்கத்துல இருந்து இங்கிலீஷ்ல சொன்னவரு. அவருக்குத் தெரியாமலா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. சொன்னத சொன்னாரு. முடிவு என்னது."

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு விஷயத்தில்கூடத் தனக்குரியதல்லாத முடிவைத் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்திருக்க வேண்டும், நிலைப்படிக்குப் போக வேண்டும், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. கையில் தேநீர் இருந்தது, அதைக் குடித்தேன். முழுவதும் குடித்து முடித்தேன்.

"சரி. இனி எங்க வாசலுக்கு வராத" என்று மூத்த மகன் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். அவருடைய அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

அக்கா உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "ஏன்க்கா அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"உங்களச் சொன்னா அவங்க எங்க வந்து நிப்பாங்க சார்? சாத்தான்குளத்துலயா? காலேஜ் வாசல்லயா? வாட்ச்மேன் உள்ள விடுவானா? அந்தம்மா லிஸ்பன்ல இருக்கு. அங்க போவ முடியுமா? மூணு நாளா வயிறெரிஞ்சு நிக்கவனுக்கு வர முடியாத வாசலக் காட்டி என்ன செய்ய? ஒரு வாசல் வேணும்லா." பிறகு என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன்.

உலகக் குழு ஒரு வாரத்தில் வாக்களித்து, ஒருமனதாக அந்தப் பதிவை எடுத்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் வந்தது. அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "நல்ல மனசு" என்றார். சித்தப்பாவின் இளைய மகன் வள்ளத்தை விட்டுவிட்டு சாகுபுரம் ரசாயன ஆலைக்கு வேலைக்குப் போகிறார். சித்தப்பா அக்காவோடு பேசவேயில்லை. மாதா கோவிலில் எதிரெதிரே வந்தால் அக்காதான் ஒதுங்கி வழி விடுவார். வரைபடத்தில் அதற்குப் பிறகு அவருடைய கணக்கிலிருந்து ஒரு திருத்தமும் வரவில்லை. பழைய கண்டெய்னர் யார்டு ஒன்று இடம் மாறிவிட்டது. கேட் இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. நான் திருத்தலாம்.

மறு வருஷம் மாநாடு வேறொரு நாட்டில், வேறொரு துறைமுக ஊரில். அதற்குள் என்னை உலகக் குழுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அட்டவணையை இனி எல்லா ஊருக்கும் அனுப்பப் போகிறோம், பதிவு என்ற வரியை மட்டும் உள்ளூர்க்காரர்கள் பக்கம் மாற்றிவிட்டோம், செய்தவர் பெயரை மேலே போட அனுமதி வாங்கித் தாருங்கள் என்று எலேனா கேட்டார். அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். கொண்டையில் இருந்த பேனாவை மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"பேரு வேண்டாம் சார். எங்கயும் வேண்டாம்."

"நல்லதுக்குத்தானக்கா கேக்காங்க."

"எம் பேர நம்பி அந்த ஊர்ல எவளாவது ஒருத்தி முடிவு எடுத்து, தப்பாப் போச்சுன்னா? அவளால இங்க வந்து நிக்க முடியுமா?" பேனா அகப்பட்டுவிட்டது. அடுத்த தாளை எடுத்தார்.

பெயரில்லாமல்தான் அனுப்பினோம். இதுவரை நான்கு ஊர்களில் பயன்பட்டிருக்கிறது. ரொம்ப உதவியாக இருந்தது என்று எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களெல்லாம் எனக்குத்தான் வருகின்றன.

நான் இப்போது தூத்துக்குடியிலேயே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டேன், மூன்றாவது மாடி. கீழே கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார். வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி விட்டு வரும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். என்ன சார் தேடுதிய என்று வாட்ச்மேன் கேட்பார். யாராவது வந்தாங்களா என்று கேட்பேன்.

"உங்களத் தேடி ஒருத்தரும் வரல சார்" என்பார்.